தூதருக்கு முன்னே வந்தவர்கள்

சின்னப்பன், ராயப்பன், அருளப்பன், பிலவேந்திரன், யாகப்பன். சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்றவர்களின் பெயர்களில் இவையும் உண்டு. கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் வாசிப்பார். பெயருக்கு உரியவர் குரல் கொடுத்துவிட்டு வாளியையும் வெட்டுக்கத்தியையும் தூக்கிக்கொண்டு தன் நிரைக்குப் போவார். காதில் விழும்போது இவை திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பட்டிதொட்டிப் பெயர்களாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் சின்னப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் பவுலுக்கு இட்ட பெயர். ராயப்பர் பேதுரு, அருளப்பர் யோவான், பிலவேந்திரர் அந்திரேயா, யாகப்பர் யாக்கோபு. எருசலேமிலிருந்து உலகத்துக்குப் புறப்பட்ட திருத்தூதர்களின் பெயர்கள், பத்தொன்பது நூற்றாண்டுகள் கழித்து, ஈஜோக்கிலும் ஜெராமிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் நாள்கூலிப் பட்டியலில் ஏறியிருந்தன. அந்தப் பெயர்களைக் கொண்டுவந்தவர் எந்த வெள்ளைக்காரக் குருவானவரும் இல்லை. கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கூலிக் குடும்பங்கள்தாம் கொண்டுவந்தன. மலேசியாவில் கிறிஸ்தவம் வந்த கதையை நாம் எழுதும்போதெல்லாம் எந்த மிஷன் எந்த ஆண்டு வந்தது, எந்தச் சாமியார் எந்த ஆண்டு கோவில் கட்டினார் என்று தொடங்குகிறோம். தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை அந்த வரிசை தலைகீழானது. மக்கள் முதலில் வந்தார்கள். தூதர் பிறகு வந்தார். திருத்தூதர் காலத்திலும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது என்பதைச் சான்றோடு காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஞாயிறு பள்ளிச் சுவர்களில் தொங்கும் ஒரு படம் நம் பார்வையை வெகுகாலமாகத் திருப்பி வைத்திருக்கிறது. மத்தியதரைக் கடல், அதன்மேல் நிறத்துக்கு ஒன்றாக மூன்று கோடுகள்: பவுலின் முதல் பயணம், இரண்டாம் பயணம், மூன்றாம் பயணம். கோடு போகும் ஊரெல்லாம் வெளிச்சம் பெறுவது போலவும், போகாத ஊர் இருட்டில் கிடப்பது போலவும் பிள்ளைகள் மனத்தில் பதிகிறது. அந்தக் கோடு தொடங்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். அது சிரியாவின் அந்தியோகியா. அங்கே சபை எப்படி உண்டானது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு எருசலேமிலிருந்து சிதறி ஓடியவர்கள் பெனிக்கே, சீப்புரு, அந்தியோகியா வரை போனார்கள். அவர்களில் சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் கிரேக்கரோடும் பேசத் துணிந்தார்கள். அந்தச் சிலருக்கு நூலில் பெயர் இல்லை. பிழைக்க ஓடிவந்த அகதிகள் அவர்கள். செய்தி எருசலேமுக்கு எட்டிய பிறகுதான் பர்னபாவை அனுப்பினார்கள். பர்னபா வந்து பார்த்தார், மகிழ்ந்தார், தர்சுவுக்குப் போய்ப் பவுலைத் தேடி அழைத்து வந்தார். பவுல் அந்த ஊருக்கு வந்தபோது சபை ஏற்கெனவே அங்கே இருந்தது. பின்னாளில் அவரை முதல் பயணத்துக்கு அனுப்பிவைத்ததும் அந்தப் பெயரற்றவர்கள் உண்டாக்கிய சபைதான். படத்தின் முதல் கோடு அவர்கள் வாசலிலிருந்தே புறப்படுகிறது.

அடுத்தடுத்த ஊர்களிலும் இதே கதைதான். பவுல் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் முதலில் போவது அங்கே குடியேறியிருந்த யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு. பிலிப்பி நகரில் அப்படியொரு ஆலயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓய்வுநாளில் ஊர்வாசலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே ஜெபிக்கக் கூடியிருந்த பெண்களோடு உட்கார்ந்து பேசினார். அவர்களில் ஒருத்தி லீதியாள். அவள் உள்ளூர்க்காரி அல்ல. ஆசியாவிலுள்ள தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரத் துணி விற்றவள். ஐரோப்பிய மண்ணில் பவுல் கண்ட முதல் சபை, பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த ஒரு பெண்ணின் வீட்டில் நிலைகொண்டது. கொரிந்துவில் அவருக்கு இடமும் வேலையும் கொடுத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியர், கிலவுதியு பேரரசன் யூதரை ரோமிலிருந்து விரட்டியபோது கிளம்பியவர்கள், கூடாரத் தொழிலாளிகள். பவுலும் அதே தொழில்காரர் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். எபேசுவில் அவர் திறன்னு என்பவரின் கூடத்தில் நாள்தோறும் பேசினார். பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அதன் நேரமும் குறிக்கப்பட்டிருக்கிறது: முற்பகல் 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை என்பது அதன் பொருள். வேலைக்காரர்கள் காலை வேலையை முடித்து, மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வெயில் நேரம் அது. விடியுமுன் வெட்டத் தொடங்கி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் லயத்துக்குத் திரும்பிய நம்மவர்களுக்கு அந்த நேரக்கணக்கை விளக்கத் தேவையில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சான்றாகத் தோன்றுவது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம். வாசிப்பவர்கள் வழக்கமாக விரைந்து கடந்துபோகும் வெறும் பெயர்ப் பட்டியல். பவுல் அதுவரை ரோம் நகரில் கால் வைத்ததில்லை. ஆனால் அங்கே இருக்கும் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். அம்பிலியா, உர்பான் போன்றவை அன்றைய ரோமில் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் பரவலாகக் கொண்டிருந்த பெயர்கள் என்பது அறிஞர்கள் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் செய்தி. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற நான்கு பெண்களைக் குறிப்பிடும்போது, உடல் நோகப் பாடுபடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பயன்படுத்துகிறார். நம் நாட்டில் தோட்டத் தொழிலாளியைப் பாட்டாளி என்று அழைக்கிறோமே, அந்தச் சொல்லின் வேரும் அதே பாடுதான். பேரரசின் தலைநகருக்கு நற்செய்தி எந்தத் தூதரோடு போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த நிருபத்தில் ஒரு வரிகூட இல்லை. அடிமையாக, வியாபாரியாக, கைத்தொழிலாளியாகப் போனவர்கள் கொண்டுபோனார்கள் என்பதுதான் அந்தப் பட்டியலிலிருந்து நாம் பெறக்கூடிய நியாயமான முடிவு.

இந்தப் பயணங்களுக்கெல்லாம் வழியமைத்தவர்கள் வேறு நோக்கத்தோடு அமைத்தார்கள். பிலிப்பியிலிருந்து தெசலோனிக்கேவுக்குப் பவுல் நடந்த எக்னேசியப் பெருஞ்சாலை கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ரோமர் தங்கள் படைக்காகப் போட்டது. அவரைக் கைதியாக ஏற்றிச் சென்று மெலித்தா தீவில் உடைந்த கப்பல், எகிப்தின் கோதுமையை ரோமுக்குக் கொண்டுபோன அலெக்சாந்திரியாக் கப்பல். அதில் 276 பேர் இருந்தார்கள். நம் கதையில் கோதுமையின் இடத்தில் ரப்பர் இருந்தது. 1900-க்குப் பிறகு மோட்டார் வண்டிச் சக்கரத்துக்காக உலகம் ரப்பர் கேட்டது. சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் காடு வெட்டப்பட்டது. 1907-ல் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்து, தோட்ட நிர்வாகங்களிடம் வசூலித்த பணத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளருக்குக் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டு, கங்காணி வழி ஆள் சேர்ப்பே பெருவழக்கானது. கங்காணி தன் ஊருக்கும் சுற்றுப்பட்டிக்கும் போய் உறவுமுறையோடு ஆள் திரட்டியதால், ஒரே கிராமத்தார் ஒரே தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். வேதக்காரக் கிராமமாக இருந்தால் வேதக்காரர் கூட்டமாகவே வந்தார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று ஓடிய கப்பல்களில் 1926-ல் சேர்ந்த ரஜூலா மட்டும் ஒரு நடைக்கு 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில், 1917-ல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தாலே அது தமிழ் என்று தெரியும்.

இனி, கோவில்களின் ஆண்டுகளை இந்த ஆண்டுகளோடு அடுக்கிப் பார்க்கலாம். கோலாலம்பூரில் பாரிஸ் மிஷன் குருக்கள் புனித அருளப்பர் ஆலயத்தைத் தொடங்கியது 1883. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று புடுவில் அந்தோணியார் கோவில் எழும்பியது 1910. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன் மக்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தைக் கட்டியது 1924. கிள்ளான் லூர்து மாதா கோவில் 1928. ரப்பர் விலை உச்சத்துக்குப் போன ஆண்டும் அந்தோணியார் கோவில் எழும்பிய ஆண்டும் ஒன்றாக இருப்பதை வெறும் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆள் பெருகிய பிறகு கோவில் வந்தது. அந்தக் கோவில்களும் நகரத்தில் இருந்தன. தோட்டங்களோ ஆற்றுக்கும் சதுப்புக்கும் அப்பால், செம்மண் பாதையின் முடிவில் இருந்தன. கிள்ளானிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு குருவானவர் கிளம்பினால், ஒரு சுற்றில் எத்தனை தோட்டத்தைப் பார்த்துவிட முடியும்? அவர் வராத ஞாயிறுகளே மிகுதி. அந்த ஞாயிறுகளில் என்ன நடந்தது என்பதில்தான் தோட்டப்புறக் கிறிஸ்தவத்தின் உண்மையான வரலாறு இருக்கிறது.

லயத்து வீட்டின் முன்திண்ணையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி அறை. சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். கீழே ஒரு பலகை, அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கு. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர், அவரை உபதேசியார் என்பார்கள், ஜெபமாலை சொல்லிக்கொடுக்கிறார். மற்றவர்கள் மனப்பாடமாகப் பின்தொடர்கிறார்கள். அடுத்த வாரம் அந்தோணியாருக்கு நவநாள். இன்னொரு தோட்டத்தில் லுத்தரன் குடும்பம் ஒன்று தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனைகளைத் தாளம் போட்டுப் பாடுகிறது. குழந்தை பிறந்து, காய்ச்சல் கண்டு, இரவு தாங்காது என்று தெரிந்தால், குருவானவருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் மலேரியாவோடு போராடிய காலத்தில், புதிதாகக் காடு வெட்டிய தோட்டங்களில் சாவு எவ்வளவு மலிந்திருந்தது என்பது அவர் எழுதிவைத்த கணக்குகளிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இரவுகளில் அந்தச் சட்டம் ஏட்டில் தூங்கியிருக்க வழியில்லை. மருத்துவச்சியோ பாட்டியோ கையளவு தண்ணீரோடு செய்ததைத் திருத்தூதுப் பணி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. இவர்கள் ஊரிலேயே கிறிஸ்தவர்கள், இடம்தான் மாறினார்கள், இது குடிபெயர்வு, இதை நற்செய்திப் பயணம் என்று எப்படிச் சொல்லலாம் என்பார்கள். ஆனால் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் திருத்தூதர் காலமும் அதில் அடிபடும். பவுலுக்குப் படி அமைத்தவை குடிபெயர்ந்த யூதரின் ஜெப ஆலயங்கள் என்பதைப் பார்த்தோம். தமிழகத்திலும் அதே வரிசைதான். முத்துக்குளித்துறைப் பரதவர் தங்கள் ஊர்த்தலைவர்கள் வழியே கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்ச்சுக்கீசியரிடம் பேசி, 1530-களின் நடுவில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தது 1542-ல். அவர் கண்டது பெயரளவில் வேதத்தில் சேர்ந்து, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் காத்திருந்த மக்களை. அவர் தமிழில் ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணவைத்தார். ஊருக்கு ஊர் ஓர் உள்ளூர் ஆளை நியமித்துவிட்டு நகர்ந்தார். அந்த ஆளுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். 1545-ல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறிய பிறகும் அந்தக் கரையில் ஜெபம் நின்றுவிடாமல் காத்தவர்கள் அந்தக் கணக்கப்பிள்ளைகளே. நம் நாட்டுச் சவரிமுத்துகளும் சவரிநாதன்களும் சவேரியாரின் பெயரைச் சுமக்கிறார்கள். அவருக்கு அடுத்த நாள் வேலையைச் செய்தவரின் பெயர் யாருக்கும் வைக்கப்படவில்லை.

தோமையார் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அவர் மயிலாப்பூர் வரை வந்து உயிர்விட்டார் என்பது நம் மரபு. வரலாற்றாசிரியர்கள் அதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் 3-ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் உருவான தோமாவின் பணிகள் என்ற நூல் அவர் இந்தியா வந்த விதத்தைச் சொல்லும் முறை நம்மவர் கதையாகவே இருக்கிறது. இந்தியா அவர் பங்குக்கு விழுகிறது. போக மாட்டேன் என்கிறார். அப்போது இந்தியாவிலிருந்து வேலையாள் தேடி வந்த ஆப்பான் என்ற வியாபாரியிடம் இயேசுவே அவரை விற்றுவிடுகிறார். விற்பனைச் சீட்டும் எழுதப்படுகிறது. குண்டபோரஸ் மன்னனுக்கு அரண்மனை கட்டும் தச்சராகத் தோமா கப்பலேறுகிறார். அந்த மன்னனின் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. மற்றதெல்லாம் நடந்ததா என்று நான் வாதாட வரவில்லை. தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் ஒரு திருத்தூதரை விலைச்சீட்டோடு கடல் தாண்டிய வேலையாளாகக் கற்பனை செய்ய எந்தக் கூச்சமும் படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. நெற்றி வியர்வையோடு வந்தவர் தூதராக இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. பவுல் ரோமக் குடியுரிமை பெற்றவர். நினைத்த ஊருக்கு நடந்தார். தோட்டத் தொழிலாளி கடனிலும் கங்காணியின் பிடியிலும் துரையின் வேலிக்குள்ளும் இருந்தவர். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வர நிர்வாகத்தின் தயவு வேண்டும். குருவானவருக்கும் போதகருக்கும் அதே நிலைதான். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இரண்டு சிறிய விஷயங்களும் இருந்தன: உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இதைக் கேட்க வேண்டியிருந்ததென்றால் வேலி எவ்வளவு உயரம் என்று புரியும். அந்த வேலிக்குள் அனுமதியோடு போய்வந்த மிஷனுக்கு அனுமதியின் விலையும் இருந்தது. அந்த விலை மௌனம். பிலிப்பியில் பவுல் அடிபட்டுச் சிறைப்பட்ட காரணத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். குறிசொல்லும் ஓர் அடிமைப் பெண்ணை அவர் விடுவித்தார். அவளை வைத்துச் சம்பாதித்த முதலாளிகள் தங்கள் ஆதாயம் போயிற்றென்று அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். எபேசுவில் கலகம் பிறந்ததும் தட்டான்களின் வருமானத்தைத் தொட்டபோதுதான். முதலாளியின் இலாபத்தைத் தொட்ட இடத்தில் திருத்தூதர் பிரம்படி வாங்கினார். சிலாங்கூர்த் தோட்டங்களில் லயத்து அறையின் அகலத்துக்காகவோ அரைநாள் சம்பளப் பிடித்தத்துக்காகவோ மிஷன் வாய்திறந்து வேலிக்கு வெளியே தள்ளப்பட்டதாக நாம் அடிக்கடி கேள்விப்படுவதில்லை. இந்த இடத்தில் ஒப்பீடு மிஷனைச் சுடுகிறது, சுட வேண்டும். ஆனால் தொழிலாளி தூதராக இருந்தார் என்ற வாதம் இதனால் தளரவில்லை. அந்தியோகியாவுக்கு ஓடியவர்களும் விருப்பப்பட்டு ஓடவில்லை. ஆக்கில்லா அரசாணையால் துரத்தப்பட்டவர். வற்புறுத்தலால் நேர்ந்த பயணத்திலும் ஒருவர் எதைச் சுமந்து போவது என்பதைத் தானே முடிவுசெய்கிறார்.

சுமந்துவந்தவை எல்லாம் நல்லவையும் அல்ல. சாதியும் அதே கப்பலில் வந்தது. லயங்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட தோட்டங்கள் இருந்தன. சபைக்குள்ளும் அந்தக் கோடு நீண்டது. 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியை விட்டுவிட வேண்டுமென்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள் என்பதை நினைத்தால், அது தோட்டத்து உபதேசியாரால் ஒரே தலைமுறையில் தீரக்கூடியதா என்ன? அந்தியோகியாவிலும் பந்தி பிரிந்தது. யூதரல்லாதாரோடு உண்பதிலிருந்து பேதுரு ஒதுங்கியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்தார். மக்களுக்கு மட்டுமல்லாமல் தூதருக்கும் வேலை உண்டென்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆகவே மூன்றாவது மறுப்பை நான் பாதி ஏற்றுக்கொள்கிறேன். மிஷனரிகள் இல்லாவிட்டால் பூசையும் புத்தகமும் பள்ளிக்கூடமும் ஏது என்று கேட்பார்கள். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்திராவிட்டால் நம் லுத்தரன் குடும்பம் திண்ணையில் விரிக்க ஏடு இருந்திருக்காது. சிதறிக் கிடந்த குடும்பங்களைப் பதிவேட்டில் எழுதி ஒன்றோடொன்று கோத்தவர்கள் குருக்களும் போதகர்களுமே. கோப்பதற்கு மணிகள் முன்பே இருந்தன என்பதை மட்டுமே நான் வலியுறுத்துகிறேன். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சி இதைக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தது. பிரிட்டிஷ், அமெரிக்க மிஷனரிகள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள் அல்லது முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பிரெஞ்சுக் குருக்கள் பலர் வெளியே விடப்பட்டாலும் பயணம் அரிதானது. தோட்டத்து ஆண்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போர் முடிந்தபோது சபைகள் இருந்தன. தமிழ்ப் போதகர்களும் உபதேசியார்களும் வீட்டுப் பெண்களும் அவற்றைத் தாங்கியிருந்தார்கள். 1955-ல் கோலாலம்பூர் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன் முதல் ஆயர் ஐரோப்பியர் அல்ல, டொமினிக் வெண்டர்கன். 1960-களில் வெளிநாட்டு மிஷனரிகள் தங்கும் காலத்துக்கு அரசு வரம்பு விதித்தது. 1976-ல் தீபகற்பக் கத்தோலிக்கக் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடி ஆராய்ந்து, வீட்டுக்கு வீடு கூடும் சிறு சமூகங்களே திருச்சபையின் அடித்தளம் என்ற முடிவுக்கு வந்தார்கள். லயத்துத் திண்ணை அந்த முடிவுக்கு அறுபது ஆண்டுகள் முன்பே வந்திருந்தது.

இன்று அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆனது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் தலைக்கு மேல் ஒரு சொந்தக் கூரைக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். பிள்ளைகள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் சுமார் 6 விழுக்காடு. மாரியம்மன் கோவில் மணியோசைக்கு நடுவே வாழ்ந்த சிறுபான்மைக்குள் சிறுபான்மை. இவர்களின் வரலாற்றைத் தேட வேண்டிய இடம் கோவில் அடிக்கல்லில் இல்லை, ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. நகரத்துப் பங்குகளின் அலமாரிகளில் கிடக்கும் அந்தப் பழைய ஏடுகளில், இலத்தீன் தலைப்புகளுக்குக் கீழே, பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் என்று ஒவ்வொரு வரியும் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரம் போலவே ஓடும். கரையான் அரிக்கும் முன் யாராவது உட்கார்ந்து அவற்றைத் தோட்டவாரியாகப் பெயர்த்தெழுத வேண்டும். ஒரு பல்கலைக்கழக மாணவரோ ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ செய்யக்கூடிய வேலை இது. காலமோ கடந்துகொண்டிருக்கிறது. இப்போது அந்தத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியா, நேபாளம், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் தங்கள் வழிபாட்டைப் பெட்டிக்குள் மடித்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பவுலின் கடைசிப் பயணம் விலங்கோடு முடிந்தது. கப்பல் உடைந்து, மெலித்தாவில் குளிர்காலம் கழித்து, புத்தேயோலித் துறைமுகத்தில் இறங்கியபோது, அங்கேயும் சகோதரர்கள் முன்னமே இருந்தார்கள்; ஏழு நாள் தங்கச் சொல்லி உபசரித்தார்கள். அதற்குள் செய்தி ரோமுக்குப் போய்விட்டது. அவர் நேரில் கண்டிராத பலர், அடிமைகளும் கைத்தொழிலாளிகளும் நிறைந்த அந்தச் சபையார், அப்பியா சாலையில் எதிர்கொண்டு கிளம்பினார்கள். சிலர் மூன்று சத்திரம் என்ற இடம் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வந்தார்கள்; சிலர் அதையும் தாண்டி அப்பியுபுரம் வரை 60 கிலோமீட்டருக்கு மேல் வந்தார்கள். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்கு நடந்து, அதற்கு மேலும் நடக்கும் தூரம். காவலனோடு தளர்ந்து வந்த அந்தக் கிழவர் சாலையோரத்தில் நின்ற அவர்களைக் கண்டபோது கடவுளுக்கு நன்றி சொல்லித் தைரியம் அடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். நின்றவர்கள் யார் என்று அவரும் பெயர் எழுதவில்லை.